மதுவும் புகையிலையும்: ஸ்தலச் சுகாதாரப் பணியும் அரசின் மேற்பார்வையும்

ஓர் அரசாங்கம் தன் ஜனங்களின் உடல்நலத்தைக் காக்க ஒரு திட்டத்தை வகுத்து, அதற்குப் பணமும் ஒதுக்கி, அதை நடத்தும் பொறுப்பை மாவட்டத்திடமும் வட்டாரத்திடமும் ஒப்படைத்துவிட்ட பிறகு, அத்திட்டம் உண்மையில் நடந்ததா, நடந்ததனால் யாருக்கு என்ன பிரயோஜனம் விளைந்தது என்று திரும்பிப் பார்க்கும் கடமையும் அவ்வரசாங்கத்தையே சார்ந்ததாகும். காலரா, மலேரியா, காசநோய் முதலிய தொற்றுநோய்களின் விஷயத்தில் இக்கடமையை நாம் ஓரளவு செவ்வனே செய்து வந்திருக்கிறோம்; காசநோயாளி ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டால் அவர் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது, மருந்து தரப்படுகிறது, அவர் குணமடைந்தாரா, இடையில் நின்றுவிட்டாரா, இறந்துவிட்டாரா என்பது வரை கணக்கு மேலே செல்கிறது. ஆனால் புகையிலை, மது என்ற இரண்டின் விஷயத்தில் மட்டும் மேற்பார்வையின் கண் வேறு திசையில் திரும்பிவிடுகிறது. எத்தனை கடைகள் சோதிக்கப்பட்டன, எவ்வளவு அபராதம் வசூலாயிற்று, எத்தனை லிட்டர் சாராயம் கைப்பற்றிக் கொட்டப்பட்டது, எத்தனை பள்ளிகளில் விழிப்புணர்வுப் பேரணி நடந்தது என்ற கணக்குகள் மாவட்டந்தோறும் திரட்டப்படுகின்றன. எத்தனை மனிதர் அப்பழக்கத்தை விட்டு மீண்டனர் என்ற கணக்கு அவற்றுள் முதலிடம் பெறுவதேயில்லை. இந்தக் குறையின் வரலாற்றையும் காரணங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விஷயத்தில் தமிழகத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அப்போது சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்தவர் ராஜாஜி. கள்ளுக்கடை, சாராயக்கடை ஏலத்தால் வந்துகொண்டிருந்த வருமானத்தை ஓர் அரசாங்கம் தானே வலிந்து துறந்த காரியம் அது. அந்த நஷ்டத்தை ஈடு செய்யும் வழிகளுள் ஒன்றாகவே 1939-இல் விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. அதே 1939-இல்தான் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டமும் சென்னையில் இயற்றப்பட்டு, ஸ்தல ஸ்தாபனங்களின் சுகாதார அதிகாரிகளுக்கு உரிய அதிகாரமும் வரையறுக்கப்பட்டது. ஆயினும், அக்காலத்து முயற்சியில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது இவ்விரு சட்டங்களும் அல்ல. சேலத்தில் மதுவிலக்கு வந்து ஓராண்டு நிறைவதற்குள், அதனால் குடும்பங்களின் வரவுசெலவில் என்ன மாறுதல் ஏற்பட்டது என்பது ஆராயப்பட்டு, அம்முடிவுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார நூல்வரிசையில் 1939-இல் புத்தகமாகவே வெளிவந்தன. ஒரு கொள்கையை நிறைவேற்றியவுடன், அதன் பலனைக் கடையில் தேடாமல் வீட்டில் தேடவேண்டும் என்ற தெளிவு அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது 1948 அக்டோபர் 2-ஆம் தேதி. பிறகு நடந்தவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1971-இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் கடைகள் மறுபடி திறக்கப்பட்டன. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனைக்கென அமைக்கப்பட்டது. 2003-இன் இறுதியில் சில்லறை விற்பனையும் அக்கழகத்தின் ஏகபோகமாயிற்று. அந்தக் கடைசி மாறுதல்தான் நம் ஆராய்ச்சிக்கு முக்கியமானது. அதற்கு முன் அரசாங்கம் உரிமம் கொடுத்து வரி வாங்கும் இடத்தில் இருந்தது. அதன் பின் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் ஊழியரும் அரசுக் கழகத்தின் ஊழியரே ஆனார். 2023-24-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் ஏறக்குறைய 45,855 கோடி ரூபாய். 2023 ஜூனில் ஐந்நூறு கடைகள் மூடப்பட்ட பிறகும் 4,829 கடைகள் எஞ்சியிருந்தன.

அத்தனை கடைகளையும் நடத்தும் கழகம் எந்தத் துறையின் கீழ் இருக்கிறதோ, அந்த மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் பொறுப்பில்தான் குடியின் தீமையை ஜனங்களுக்கு எடுத்துரைக்கும் பிரசாரமும் இருக்கிறது. அத்துறையில் பணிபுரியும் அதிகாரிகளின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களில் பலர் தம் கடமையைச் சிரத்தையோடு செய்பவர்கள். ஆனால் விற்பனை இலக்கையும் விலக்குப் பிரசாரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்படி ஒருவருக்கு விதித்துவிட்டால், மாதந்தோறும் கோடிக்கணக்கில் எண்ணப்படும் கணக்கு எதுவோ அதுவே அவர் கவனத்தைக் கவரும் என்பது மனித சுபாவம். நியாயமான மேற்பார்வைக்கு முதல் லக்ஷணம், மேற்பார்ப்பவருக்கு அந்தப் பொருளின் விற்பனையில் எவ்வித லாபமும் இருத்தலாகாது என்பதே.

புகையிலையின் கதை சற்று வேறானது. இங்கே அரசாங்கம் நேரடி வியாபாரியல்ல. மத்திய அரசு 2003-இல் இயற்றிய சிகரெட்டு மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது; விளம்பரத்தைத் தடை செய்தது; பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து நூறு கஜ தூரத்துக்குள் விற்பதையும் குற்றமாக்கியது. பொது இடங்கள் குறித்த விதிகள் 2008 அக்டோபர் 2-ஆம் தேதி முதல் நாடெங்கும் செயலுக்கு வந்தன. சட்டத்தை ஊர்வரை கொண்டுசெல்ல 2007-08-இல் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டு, மாவட்டத்துக்கு ஒரு கட்டுப்பாட்டு மையம், அதில் ஓர் ஆலோசகர், ஒரு மனநல ஆலோசனையாளர், ஒரு சமூகப் பணியாளர், மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஓர் ஒருங்கிணைப்புக் குழு என்று அமைப்பும் வகுக்கப்பட்டது. காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் செம்மையான ஏற்பாடு வேண்டியதில்லை.

ஊரில் அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வட்டாரச் சுகாதார ஆய்வாளர் பள்ளிக்கூடத்துக்கு அருகிலுள்ள பெட்டிக்கடைக்கு வருகிறார். அறுபது சென்டிமீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர் அளவில் இருக்கவேண்டிய எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா, சிறுவர் கண்ணில் படும்படி சரக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். குறை இருந்தால் இருநூறு ரூபாய்க்குள் அபராதம் விதித்து ரசீது கொடுக்கிறார். கடைக்காரர் கட்டிவிட்டு, ரசீதை மிட்டாய் ஜாடிக்கு அடியில் செருகிக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்கிறார். சிகரெட்டும் பீடியும் ஒற்றையாக விற்பனையாவதால், உறையின் எண்பத்தைந்து சதவீதப் பரப்பை 2016 முதல் நிறைக்க வேண்டிய எச்சரிக்கைப் படம் வாங்குபவர் கண்ணில் படுவதேயில்லை. மழைக்காலம் வந்தால் இதே ஆய்வாளர்தான் டெங்குக் கொசுப்புழுவைத் தேடித் தொட்டி தொட்டியாக எட்டிப் பார்க்க வேண்டியவர். குடிநீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டியவரும் அவரே. இவ்வளவுக்கும் இடையில் அவர் அனுப்பும் மாதாந்தர அறிக்கையில் அபராத ரசீதுகளின் எண்ணிக்கை இருக்கிறது. அந்தக் கடையில் பீடி வாங்கும் கொத்தனாரை, மாவட்ட மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் புகையிலை மீட்பு ஆலோசகரிடம் யாராவது அனுப்பினார்களா என்று அவரைக் கேட்பவர் அரிது.

இந்த இடத்தில் இரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். புகையிலை விற்கும் கடை, பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்கு அப்பால், அதாவது சுமார் 91 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். மது விற்கும் கடைக்கோ, 2003-ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர் இடைவெளி இருந்தால் போதும். மற்றப் பகுதிகளில்தான் நூறு மீட்டர். ஆகவே ஒரு நகரத்துப் பள்ளியின் வாயிலிலிருந்து அறுபது மீட்டர் தூரத்தில் பீடி விற்பவர் குற்றவாளி. அதே தூரத்தில் பிராந்தி விற்பவர் விதிக்குட்பட்டவர். இரண்டு விதிகளையும் ஒரே சுகாதார அதிகாரி ஒருங்கே வைத்துப் பார்த்து முடிவு செய்திருந்தால் இத்தகைய முரண்பாடு தோன்றியே இருக்காது. மத்தியச் சட்டம் ஒன்று, மாநில விதி ஒன்று, சுகாதாரத் துறை ஒருபுறம், ஆயத்தீர்வைத் துறை மறுபுறம் என்று பிரிந்து கிடப்பதன் பலன் இது.

மென்று உமிழும் புகையிலையின் விஷயத்தில் மேற்பார்வையே விலைபோனதாக எழுந்த குற்றச்சாட்டையும் நாம் கண்டிருக்கிறோம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013-இல் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழகத்தில் தடை விதிக்கப்பட்டு, ஆண்டுதோறும் ஆணையால் நீட்டிக்கப்பட்டு வந்தது. தடை அமலில் இருந்த காலத்திலேயே, 2016-இல் ஒரு தயாரிப்பாளரிடம் வருமான வரித் துறையினர் கைப்பற்றிய குறிப்புகள், தடுக்க வேண்டியவர்களுக்கே பணம் சென்றதோ என்ற கேள்வியை எழுப்பின. 2018 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் பற்றிய விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக ஆணையைக் கொண்டு நிரந்தரத் தடை விதிக்க முடியாது என்ற காரணத்தால் 2023 ஜனவரியில் அத்தடை உயர் நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டதும், ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். பத்தாண்டுக் காலம் நடந்த ஒரு தடைக்கு உறுதியான சட்ட அஸ்திவாரம் ஒன்றை இட யாருக்கும் தோன்றவில்லை என்பது வருந்தத்தக்கது.

இத்தனை சட்டங்களாலும் என்ன பலன் கிடைத்தது? இந்தியா முழுமைக்கும் பார்த்தால் வயது வந்தோரிடையே புகையிலைப் பழக்கம் 2009-10-இல் 34.6 சதவீதமாக இருந்தது, 2016-17-இல் 28.6 சதவீதமாகக் குறைந்தது. இது சாமானியமான வெற்றியல்ல. ஆனால் அதே காலத்தில் தமிழகத்தில் அது 16.2 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. நாட்டின் சராசரியைவிட நம் நிலை இன்னும் மேலானதே என்று ஆறுதல் கொள்ள இடமுண்டு. எனினும், தேசம் இறங்கிய காலத்தில் நாம் ஏறியது ஏன் என்று எந்த மாவட்டக் கூட்டத்திலாவது தீர விசாரிக்கப்பட்டிருக்க வேண்டாமா? மதுவைப் பற்றிய புள்ளிவிவரம் இன்னும் கவலைக்குரியது. 2019-இல் மத்தியச் சமூக நீதித் துறை வெளியிட்ட தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றார் என்று கூறுகிறது. மற்ற 37 பேரை எந்தச் சுகாதார நிலையமும் அறியாது.

அவர்களைச் சுகாதார நிலையம் ஏன் அறியவில்லை என்பதற்கு ஒரு சிறு காகிதமே சாட்சி. தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில், முப்பது வயதுக்கு மேற்பட்டோரை வீடு வீடாகச் சென்று விசாரிக்கும் பணியாளருக்கு மத்திய அரசு ஒரு படிவம் தந்திருக்கிறது. அதில் புகையிலையைப் பற்றிய கேள்விக்கு, பழக்கமே இல்லை, முன்பு இருந்தது அல்லது இப்போது எப்போதாவது உண்டு, நாள்தோறும் உண்டு என்று மூன்று விடைகளும் அவற்றுக்குப் படிப்படியாக மதிப்பெண்ணும் உண்டு. மதுவைப் பற்றிய கேள்வியோ ஒன்றே ஒன்று: நாள்தோறும் குடிப்பதுண்டா? விடை ஆம் அல்லது இல்லை. வாரக்கூலி வாங்கும் சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமையும் நினைவு தப்பும்வரை குடித்து, திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாமல் படுத்துக்கிடப்பவர் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர் இக்கேள்விக்கு ‘இல்லை’ என்றுதான் விடை சொல்வார். அது பொய்யும் அல்ல. கேட்பவரும் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அருகில் நிற்கும் மனைவியின் முகத்தைப் பார்த்தாலே அந்தப் பணியாளருக்கு உண்மை விளங்கும். ஆனால் அதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

மீட்புச் சிகிச்சையின் மேற்பார்வையும் இவ்வாறே சிதறிக் கிடக்கிறது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களுக்கு மானியம் தருவது சமூக நீதித் துறை. அரசு மருத்துவமனைகளின் போதை மீட்புப் பிரிவுகள் சுகாதாரத் துறையின் கீழ் உள்ளவை. தனியார் மையங்கள் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்திடம் பதிவு பெற வேண்டியவை. சென்னையில் 1980-இல் தொடங்கப்பட்ட டி.டி.கே. மருத்துவமனை போன்ற முன்மாதிரிகள் நம்மிடையே இருந்தும், அனுமதியில்லாத மையங்களில் நோயாளிகளை அடைத்து வைத்து அடிக்கிறார்கள் என்ற செய்திகள் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. ஒரு மையத்திலிருந்து வெளியே வந்தவர் ஆறு மாதத்துக்குப் பின் எவ்விதம் இருக்கிறார் என்ற விவரம் இந்த மூன்று துறைகளையும் கூட்டிவைத்துக் கேட்டாலும் ஒருசேரக் கிடைக்காது.

நம் நிர்வாகத்துக்குக் கணக்கெடுக்கும் ஆற்றல் இல்லையோ என்றால், நிச்சயமாக இருக்கிறது. நீலகிரி மலையில் காலி மதுப்புட்டிகள் காட்டிலும் பாதையிலும் எறியப்பட்டு, வனவிலங்குகளின் காலைக் கிழித்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022-இல் ஓர் ஏற்பாடு வந்தது. புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப்புட்டியைத் திருப்பித் தந்தால் அப்பணத்தைக் கொடுத்துவிடுவது என்ற அத்திட்டம் பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. விற்றவை எத்தனை, திரும்பியவை எத்தனை என்று டாஸ்மாக் நீதிமன்றத்துக்குக் கணக்கும் சமர்ப்பித்தது. நல்ல காரியம், அதைக் குறை கூற மாட்டேன். ஒவ்வொரு காலிப்புட்டியும் திரும்பி வந்ததா என்று பார்க்க முடிந்த ஒரு நிர்வாகத்தால், அதை அருந்தியவர் சிகிச்சைக்கு வந்தாரா என்று பார்க்கவும் நிச்சயமாக முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பாராமுகத்தின் உச்சத்தை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில்தான் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறே இறந்திருந்தனர். ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார், தண்டனைகளைக் கடுமையாக்கிச் சட்டமும் திருத்தப்பட்டது. இவை அவசியமே. ஆனால் அதிகாலையில் எழுந்ததும் மலிவான சாராயப் பொட்டலத்தைத் தேடிச் செல்லும் கூலித் தொழிலாளியின் உடல், பல மாதங்களுக்கு முன்பே நோயுற்ற உடல். கை நடுக்கம், உறக்கமின்மை, கண் மஞ்சள் என்று அவர் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வந்தபோதே குடிநோயாளி என்று பதிந்து சிகிச்சை தொடங்கியிருந்தால், அந்த அறுபது பேரில் சிலரேனும் இன்று உயிரோடு இருந்திருக்கக் கூடும் என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

பிற நாட்டு அனுபவமும் சிந்திக்கத் தக்கது. இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் முதல் பொதுச் சுகாதாரப் பணி ஸ்தல ஸ்தாபனங்களிடம் ஒப்படைக்கப்பட்டு, வேறெதற்கும் செலவிடக்கூடாத தனி மானியமும் தரப்பட்டது. அங்கே புகை நிறுத்த உதவி மையங்களின் அளவுகோல் மனிதர்தான்: புகையை நிறுத்த எத்தனை பேர் நாள் குறித்தனர், நான்கு வாரம் கழித்து எத்தனை பேர் நிறுத்தியபடியே இருந்தனர் என்று கேட்கிறார்கள், மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளந்து அதை உறுதியும் செய்துகொள்கிறார்கள். ஆயினும் 2015-இல் நடுவருஷத்திலேயே அம்மானியத்தில் இருபது கோடி பவுன் வெட்டப்பட்டு, அடுத்த ஆண்டுகளிலும் வெட்டு தொடர்ந்தது. 2011-12-இல் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் இம்மையங்களில் நாள் குறித்திருந்த நிலை மாறி, 2019-20-இல் அவ்வெண்ணிக்கை சுமார் இரண்டேகால் லட்சமாகச் சுருங்கியது. மின் சிகரெட்டை நாடியவர்கள் அதிகரித்தது அதற்கு ஒரு காரணம். பல ஊர்களில் மையமே மூடப்பட்டது மற்றொரு காரணம். அளவுகோல் எவ்வளவு செம்மையாயிருந்தாலும் பணமில்லாவிடில் பயனில்லை என்பது அங்கிருந்து கிடைக்கும் எச்சரிக்கை. நம் அண்டை நாடான இலங்கை 2006-இல் இயற்றிய சட்டத்தால் புகையிலைக்கும் மதுவுக்கும் சேர்த்து ஒரே தேசிய அதிகார சபையை அமைத்தது. இரண்டின் விளம்பரத்தையும் தடுத்தது. இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு இரண்டையும் விற்கலாகாது என்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு இரண்டின் மீதும் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தந்தது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கடைக்குள் நுழையும் பரிசோதகர் பீடியை மட்டும் பார்த்துவிட்டு மதுவைப் பாராது போக வேண்டியதில்லை. மது உரிமம் வழங்குவது அங்கும் மதுவரித் துறையே. இருந்தாலும் கண்காணிப்பை ஒன்றாக்கியது நாம் கைக்கொள்ளத் தக்க முறை.

புகையிலை விஷயத்தில் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றுக்கொண்டது. சுகாதாரக் கொள்கை வகுப்பதில் புகையிலைத் தொழிலின் நலன்கள் தலையிட இடங்கொடுக்கலாகாது என்று அதன் ஐந்தாம் விதி கட்டளையிடுகிறது. மதுவுக்கு அத்தகைய உலக உடன்படிக்கை எதுவும் இல்லை. ஆயினும் நம் அரசமைப்பின் 47-ஆம் விதி, ஜனங்களின் ஆரோக்கியத்தை உயர்த்துவதை அரசின் முதற் கடமைகளுள் ஒன்றாக வைத்து, மதுவிலக்குக்கு முயலுமாறும் பணித்திருக்கிறது. முழு மதுவிலக்கு இன்று சாத்தியமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. அந்த விவாதம் முடியும்வரை நோயாளிகளைக் காத்திருக்க வைப்பது தர்மமாகாது. கடைகள் இருக்கும்வரையிலாவது, குடியின் தீமையைப் பற்றிய பிரசாரத்தையும் மீட்புப் பணியையும் அவற்றுக்கான பணத்தையும் ஆயத்தீர்வைத் துறையிடமிருந்து பிரித்துச் சுகாதாரத் துறையிடம் சேர்க்க வேண்டும். வீட்டுப் படிவத்தில் மதுவைப் பற்றிய கேள்வியைத் திருத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரின் மாதாந்தரக் கூட்டத்தில், அபராதத்துக்கும் கைப்பற்றலுக்கும் முன்பாக, சிகிச்சைக்கு வந்தவர் எத்தனை பேர், ஆறு மாதம் கழித்தும் மீண்ட நிலையில் இருப்பவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்கள் படிக்கப்பட வேண்டும்.

இவற்றை மேலிருந்து யாராவது செய்யட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டில் ஆறு நாட்கள் ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. வாசகர்களில் கிராமத்தில் வசிப்பவர்கள், வருகிற அக்டோபர் 2-ஆம் தேதி அந்தச் சபைக்குச் சென்று, சுகாதாரத் துறையிலிருந்து வந்திருப்பவரிடம் மேற்சொன்ன இரண்டு எண்களையும் தம் ஊருக்குக் கேட்டு, அக்கேள்வியைத் தீர்மானப் புத்தகத்திலும் பதியச் செய்யுமாறு வேண்டிக்கொள்கிறேன்.